செக்கிங் அக்காவின் மஞ்சள் ஒட்டுத்தாள்

மழை தூறுகிறது என்று யாராவது சொன்னால், அவர் முதலில் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்ப்பார். உள்ளங்கையில் இரண்டு துளிகள் விழும்வரை காத்திருப்பார். பிறகுதான் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார். அதற்குள் பாதி நனைந்திருக்கும். நனைந்ததைப் பிழிந்தபடியே, "ஆமா, மழதான்" என்று, இரு தரப்பையும் விசாரித்து முடித்த நீதிபதியைப்போலச் சொல்வார்.

லகாட்டுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் எங்கள் தாமான் குடியிருப்பில், பதினான்கு வீடுகள் கொண்ட வரிசையில் மூலைவீடு அவருடையது. தனியாக இருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. இரப்பர்க் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. கையுறைக்குள் தண்ணீரை நிரப்பி, வாயைக் கட்டி, வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு விரல்நுனியாக உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு துளி கசிந்தாலும் அந்தப் பெட்டி போகாது. இந்த வேலையின் காரணமாக வரிசை முழுவதும் அவரைச் 'செக்கிங் அக்கா' என்றுதான் அழைத்தது. உற்றுப் பார்க்கும்போது வலக்கண்ணைச் சற்றுச் சுருக்குவார். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். அந்தப் பார்வை என்மீது படும்போதெல்லாம், என் விரல்நுனியில் ஈரம் கசிகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும்.

தொழிற்சாலையில் அச்சுப் பிசகியதால் கழித்துப்போட்ட ஒட்டுத்தாள் சுருள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். பச்சை என்றால் தேறியது. சிவப்பு என்றால் கழிவு. அவருடைய சமையலறை அலமாரியில் மல்லித்தூள் டப்பாவில் பச்சை இருந்தது. பெருங்காய டப்பாவில் சிவப்பு. எலுமிச்சை ஊறுகாய்ச் சாடியில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்ததைக் கண்டு, அது என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"அது இன்னும் ஊறலமா. பாக்காம நான் எப்படிச் சொல்றது?"

எங்கள் வரிசைக்கு ஒரு புலனக் குழு உண்டு. வாட்ஸ்அப்பை எங்கள் ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தார்கள். குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். நாங்கள் அங்கிள் என்போம். விடிந்தால் ஒரு வணக்கமும், கைத்தொலைபேசியில் ஒளிந்திருக்கும் ஏதாவது ஓர் இரகசியமும் அவரிடமிருந்து வரும். இந்த எண்ணை அழுத்தினால் மறைத்துவைத்த மின்கல இருப்பு வெளிவரும். தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைத்தால் பிழைத்துக்கொள்ளும். கீழே தவறாமல், 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.'

செக்கிங் அக்கா எவருக்கும் எதையும் அனுப்பியதில்லை. சோதித்துப் பார்ப்பார். தேறினால் குழுவில் ஒரு பச்சைக் குறி, தேறாவிட்டால் ஒரு சிவப்புக் குறி, கூடவே ஒரே ஒரு வரி. அரிசிக்காக இரண்டு பழைய போன்களை ஒரே வாளியில், ஒரே நேரம் முக்கி எடுத்தார். ஒன்றை அரிசியில் புதைத்தார்; மற்றொன்றைத் துடைத்து விசிறிக்கு முன்னால் சாய்த்து வைத்தார். இரண்டு நாள் கழித்து விசிறிக்காரன் விழித்துக்கொண்டான். அரிசியில் கிடந்தது விழிக்கவில்லை; மின்னூட்டும் துளையில் ஓர் அரிசி ஊறி உப்பி அடைத்திருந்தது. குழுவில் சிவப்பு. 'அரிசி சோத்துக்கு மட்டும்.'

இப்படி எழுதும்போது அவர் வேடிக்கையான மனிதராகத் தெரிகிறார். நேரில் அப்படியில்லை. சோதனைக்காக அவர் எதையும் கேட்பார் என்பதுதான் சங்கடம்.

ஒருமுறை ஒரு செய்தி வந்தது: நட்சத்திரக் குறியோடு சில எண்களை அழுத்தினால் திரையில் ஒரு பட்டியல் வரும், வந்தால் உங்கள் பேச்சை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள். வரிசையே கலங்கிப்போனது. அழுத்தியவர்களுக்கெல்லாம் பட்டியல் வந்தது. கணவன்மார் மனைவியரையும், மனைவியர் மாமியாரையும் ஒரு மாதிரியாகப் பார்த்த நாள்கள் அவை. அவர் வீடுவீடாக ஏறி, "போனக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்றார். எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார். அம்மா தன் போனை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"எங்களுக்கு வேணாங்க. எங்க பேச்சக் கேட்டு எவனுக்கு என்னா கெடைக்கப்போவுது?"

அவர் போன பிறகு அம்மா என்னிடம், "ஊரு போனெல்லாம் இவ கைக்கு எதுக்குடி?" என்றார். எனக்கும் அதே கேள்வி இருந்தது.

மாலையில் முடிவு வந்தது. 'பதிமூணு வீட்லயும் ஒரே பட்டியல். அழைப்ப வேற நம்பருக்குத் திருப்பி விட்டிருக்கான்னு காட்டுற பட்டியல் அது. யாருக்கும் திருப்பி விடல. பதிமூணு வீட்டையும் ஒட்டுக்கேக்க எவனுக்கு நேரம் இருக்கு?' வரிசை சிரித்து ஓய்ந்தது. நான் மட்டும் அந்த எண்ணில் நின்றேன். வீடுகள் பதினான்கு; தன் வீட்டையும் எண்ணியிருந்தார்; எங்கள் வீட்டை எண்ணவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒற்றை எண்ணால்கூடச் சொல்லமாட்டார். அதை நான் கவனித்தேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

காடியின், அதாவது காரின், சாவி விவகாரத்தில்தான் எனக்கு அவர்மீது மனம் கசந்தது. காடிக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டால், வீட்டிலிருப்பவர் மாற்றுச் சாவியைப் போனருகே பிடித்துப் பொத்தானை அமுக்க வேண்டும். இங்கே நாம் போனைக் காடிக் கதவருகே பிடித்தால் பூட்டுத் திறக்கும் என்றது செய்தி. அங்கிளின் காடியோடு அவர் லகாட் பாசார்ச் சந்தைக்குப் போய் நின்றார். சாவியோடு நான் வீட்டில். இருபது முறை அமுக்கினேன். கதவு அசையவில்லை.

"அமுக்குனியா?"

"அமுக்கினேன் அக்கா."

"நெசமா?"

திரும்பி வந்ததும் அந்தச் சாவியை வாங்கி, காடிக்குப் பக்கத்தில் நின்று அமுக்கிப் பார்த்தார். திறந்தது. சாவியில் குறையில்லை. குறை வேறெங்கோ இருக்க வேண்டும். என் அம்மாவிடம் திரும்பினார்.

"இவ அமுக்குனத நீங்க பாத்தீங்களா?"

"எம் மக பொய் சொல்ல மாட்டா" என்றார் அம்மா, குரல் ஏறி.

"சொல்ல மாட்டா. கை தவறலாம்லா."

மறுநாள் அம்மாவைச் சாட்சியாக உட்கார வைத்து, மறுபடியும் இருபது முறை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். குழுவில் சிவப்பு விழுந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவரைக் கண்டால் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கவனித்திருப்பார். அவர் கண்ணுக்கு எது தப்பியது?

அந்த மாதங்களில்தான் 112 பற்றிய செய்தி வந்தது. 'காட்டில் மாட்டிக்கொண்டாலும் கவலை வேண்டாம். எந்த லைனும் எட்டாத இடத்திலும் 112 போகும். உயிர் காக்கும் செய்தி.' அனுப்பியவர் அங்கிள். ஒரு வாரம் போனது. குறி விழவில்லை. வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் அம்மா கேட்டார், "என்னாங்க, அந்த 112 என்னாச்சு?"

"அத எப்படிப் பாக்கிறது? அடிச்சா அந்தப் பக்கம் எடுத்துருவாங்க. சும்மா அடிச்சிப் பாத்தேன்னு சொல்றதா? அந்த நேரத்துல எவனாச்சும் உண்மையிலேயே சாகக் கெடப்பான்லா."

அதுவரை நான் அவரிடம் கேட்ட சொற்களிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது. கோபத்தில் இருந்ததால் அதையும் சொல்லவில்லை. குழுவில் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கடந்தது.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் தாமானிலிருந்து மோட்டாரில் அரைமணி நேரம்; சுண்ணாம்பு மலைக்கு அடியில், ஒரு காலத்தில் கித்தா என்னும் இரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான பழைய லயத்தில் ஆறு குடும்பங்கள் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று அண்ணனுடையது. பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு எந்தக் கோபுரமும் எட்டாது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் போனில் கோடுகள் தெரியும். அவசரம் என்றால் ஒருவர் மோட்டாரை முடுக்கி மேட்டுக்குப் போய் அழைக்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் பழகிய வழக்கம். அண்ணியையும் எங்கள் குழுவில் சேர்த்துவிட்டவர் செக்கிங் அக்காதான். மேட்டுக்கோ பட்டணத்துக்கோ வரும்போது செய்திகள் மொத்தமாக வந்து விழும். அண்ணி பார்ப்பார், லயத்துக்கும் சொல்வார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்தார். வாய் ஒருபக்கம் கோணியது. அண்ணி போனை எடுத்து, மேட்டுக்குப் போகாமல், அங்கேயே நின்று 112-ஐ அழுத்தினார். போகவில்லை. பக்கத்து வீட்டார் தங்கள் போன்களில் அழுத்தினார்கள். இப்போது போகும், இப்போது போகும் என்று அரைமணி நேரத்துக்குமேல் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகுதான் ஒருவர் மோட்டாரை எடுத்தார்.

நானும் அம்மாவும் மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது, கட்டிலருகே செக்கிங் அக்காவும் அண்ணியும் நின்றிருந்தார்கள். அண்ணனுக்கு உயிர் தங்கிவிட்டது. வலக்கை அசையவில்லை. சொற்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒலியாகிவிட்டிருந்தன.

"ஏன் அண்ணி மேட்டுக்குப் போவல?" செக்கிங் அக்காவின் குரல் சோதனைக் குரலாகத்தான் இருந்தது.

"112 போவும்னு குழுவுல வந்துச்சுல்ல."

"நான் பச்ச போட்டேனா?"

"செவப்பும் போடலையே." அண்ணி அழவில்லை, கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார். "தப்பா இருந்தா நீ விட்டு வச்சிருப்பியா? ரெண்டு மாசமா ஒண்ணுமே சொல்லல. தங்கச்சி ஒண்ணும் சொல்லலன்னா அது சரியாத்தான் இருக்கும்னு லயத்துக்கே நாந்தான் சொன்னேன்."

செக்கிங் அக்கா வலக்கண்ணைச் சுருக்கி அண்ணியைப் பார்த்தார்.  பிறகு அந்தப் பார்வை அவர் கையிலிருந்த போனுக்கு இறங்கியது.

வீடு திரும்பும்போது அங்கிளின் காடியில் பின்னிருக்கையில் செக்கிங் அக்கா என் பக்கத்தில் இருந்தார். பூசிங் சாலைத் திருப்பம் தாண்டிய பிறகு, யாரையும் பாராமல் சொன்னார்.

"ஃபேக்டரில மூணு கலரு. குழுவுல நான் ரெண்டுதான் வச்சேன்."

அன்று மாலை குழுவில், அதுவரை யாரும் காணாத ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. '112. நான் பாக்கல. எனக்குத் தெரியாது. தெரியிற வரைக்கும் நம்பாதீங்க.' விவரம் அறியாத ஒருவர், 'செக்கிங் அக்காவுக்கே தெரியாதாம்லா' என்று எழுதி, சிரிக்கும் முகங்கள் மூன்றைப் போட்டார்.

அதற்குப் பிறகு செக்கிங் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் மோட்டாரில் புறப்பட்டுப் போனார். முன்கூடையில் ஒரு துணிப்பை. ஒருநாள் வாயிலில் பை சரிந்து, நான்கு போன்கள் வெளியே வந்து விழுந்ததை அம்மா பார்த்துவிட்டார்.

"ஒத்தப் பொம்பளைக்கி நாலு போன் எதுக்குடி?"

வரிசையில் பல விடைகள் உலவின. வட்டிக்கு விடுகிறார். யாருக்கோ துப்புக் கொடுக்கிறார். இந்த வயதில் யாரோ இருக்கிறார்கள். நான் எந்த விடையையும் எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் மறுக்கவும் இல்லை. மருத்துவமனையில் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வேலியருகே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வாரியா? ஒரு எடத்துல உக்காரணும். அவ்வளவுதான்."

"ஏன் நான்?" என்றேன்.

"அங்க உள்ளவங்க எல்லாம் அண்ணன் மேல பாசமா இருக்காங்க. நான் என்னா கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. உனக்கு எம்மேல கோவம். நீ சொன்னா நம்பலாம்."

மறுக்க முடியாத காரணமாக இருந்தது. நான்கு போன்களின் உண்மையைக் காணும் ஆசையும் இருந்தது. போனேன்.

லயத்தில் இறங்கியதும் உண்மை தெரிந்தது. நான்கு போன்களில் நான்கு தொலைபேசிக் கம்பெனிகளின் சிம் அட்டைகள். ஒவ்வொரு ஞாயிறும் அவற்றை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும், கூடத்திலும், குளியலறையிலும் நின்று, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். எண்ணை அழுத்தவே இல்லை. வேற்றுக் கம்பெனியின் கோபுரம் எட்டும் இடத்தில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று திரை காட்டும். ஆறு வீடுகளிலும் நான்கு போன்களும் 'சேவை இல்லை' என்றே காட்டின. முனியாண்டி கோயில் படியில் மட்டும் ஒரு போன், அதுவும் சில நேரம், 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டியது. சுவர்களில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறிகள் போட்டு வைத்திருந்தார்.

"எவன் லைனாச்சும் இருந்தா 112 போவும். எவன் லைனும் இல்லன்னா அதுவும் போவாது. இதச் சொல்ல எனக்கு இத்தன நாளு ஆச்சு."

"அப்போ இங்கே இருப்பவர்கள் என்ன செய்வது?"

அவர் லயத்தின் கோடியைக் காட்டினார். அங்கே மரத்தில், ஒரு முழத் தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கியது. கித்தாக் காலத்தில் அதைத் தட்டித்தான் ஆள்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆளெண்ணும் இடத்துக்குக் கூப்பிடுவார்களாம். துருவைச் சுரண்டி, பக்கத்தில் ஓர் இரும்புக் கோலையும் கட்டிவைத்திருந்தார். ஆபத்தென்றால் இதை அடிக்க வேண்டும். தொட்டி மேட்டில் ஒரு வீடு உண்டு; அங்கே இருப்பவர்கள் கேட்டவுடன் அழைக்க வேண்டும். அங்கே லைன் உண்டு. யோசனை எளிதுதான். மேட்டு வீடுவரை சத்தம் போகுமா என்பதுதான் கேள்வி. அது தேறினால்தான் அண்ணனைத் தொடர்ந்து லயத்திலேயே வைத்துக்கொள்வது. இல்லையென்றால் எங்கள் தாமானுக்குக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அண்ணன் தாமானுக்கு வர மறுத்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம். அந்த ஒன்றை மட்டும் ஒலியில்லாமலே தெளிவாகச் சொன்னாராம்.

"வெளிய நிக்காத. வீட்டுக்குள்ள உக்காரு. டிவி ஓடட்டும், துணி மிசினும் ஓடட்டும். நெசத்துல அப்படித்தான் இருப்பாங்க. அண்ணனத்தான் அடிக்கச் சொல்லியிருக்கேன், எடக்கையால. மூணு அடி. கேட்டா எறங்கி வந்து சொல்லு."

மேட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். தொலைக்காட்சியில் யாரோ உரக்கச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரம் அதிர்ந்தது. கேட்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பத்தால் கேளாதது கேட்டுவிடுமோ என்று பயந்தேன். பிறகு கேட்டது. மெலிந்து, ஆனால் சமையல் சத்தத்துக்குள் கலக்காமல். ஒன்று. சற்று இடைவெளி விட்டு இரண்டு. மூன்று. எழுந்து வாசலுக்கு வந்த பிறகு இன்னொன்று.

பாதையில் இறங்கும்போது அந்த இன்னொன்று என்னைத் தொந்தரவு செய்தது. மூன்று என்று சொல்லியிருந்தார். நானும் மூன்று என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. மரத்தடியில் அண்ணன் நாற்காலியில் இருந்தார். இரும்புக் கோல் இன்னும் அவருடைய இடக்கையில் இருந்தது. அண்ணி பின்னால் நின்றார்.

"கேட்டுச்சா?"

"கேட்டது."

"எத்தன?"

"நான்கு." என் குரல் எனக்கே குற்றம்போல ஒலித்தது. "நாலாவது மலையில் மோதித் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம் அக்கா. உறுதியாகச் சொல்ல முடியவில்லை."

செக்கிங் அக்கா வலக்கண்ணைச் சுருக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் கோலை மடியில் வைத்துவிட்டு, இடக்கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, நான்கு விரல்களைக் காட்டினார். கோணிய வாயில் ஒரு சிரிப்பு ஏறியது. நான் வருவதற்கு முன்பே அண்ணனும் தங்கையும் பேசிவைத்திருக்கிறார்கள். மூன்று என்பது எனக்காகச் சொன்ன எண்.

"என்மேல் இன்னும் சந்தேகமா?" என்றேன். கோபப்பட்டுத்தான் தொடங்கினேன்; முடிக்கும்போது அது கோபமாக இல்லை.

"உம்மேல இல்லமா. மூணுன்னு சொல்லி மூணு கேட்டுருந்தா, நான் சொன்னதத்தான் நீ கேட்ட. இப்பத்தான் அண்ணன் அடிச்சதக் கேட்டிருக்க."

இருந்தும், மழை பெய்யும்போது ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து மழையிலும் பார்த்தார்கள். நான் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த முறை எத்தனை அடி என்று அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு என்று சொன்னேன். சரியாக இருந்தது.

தண்டவாளத் துண்டின் ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, பையிலிருந்த சுருள்களை வெளியே எடுத்தார். மஞ்சளைத் திரும்ப உள்ளே போட்டார். பச்சையில் ஒன்றைக் கிழித்து, இரும்பின்மேல் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். எல்லாரும் நடக்கத் தொடங்கிய பிறகு அவர் மட்டும் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தேன். ஒட்டியிருக்கிறதா என்று, அந்தத் தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.